பாஸ்கல் பட்டினி போட்ட பேட்டரி

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்துவிட்டுப் போன மாதம்தான் ரிட்டயர் ஆனேன். வேலை தெரிந்தவன், தெரியாதவன், தெரியாமலே தலையாட்டி சூப்பர்வைசர் ஆனவன் என்று எல்லா ரகத்தையும் பார்த்தாகிவிட்டது. அவர்களைப் பற்றியெல்லாம் எழுத எனக்குப் பொறுமையில்லை. பாஸ்கலைப் பற்றி எழுதலாம். இருபது வருஷத்துக்கு மேல் என்னைக் கடுப்பேற்றியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி லாரி எடைமேடை செய்கிறது. லோடோடு லாரியை மேலே ஏற்றி நிறுத்தினால் பக்கத்து ரூமில் சிவப்பு எண்ணில் எடை தெரியும். கரண்ட் போனாலும் அந்த எண் அணையக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு மேடையோடும் ஒரு லாரி பேட்டரி கொடுப்போம். அதுபோக ஷெட்டுக்குள் இரும்பு தூக்க, பேட்டரியில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் இரண்டு உண்டு. இத்தனை பேட்டரிக்கும் சார்ஜ் போட, தண்ணீர் ஊற்ற, துடைத்து வைக்க, காம்பவுண்டு சுவர் ஓரமாக ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ரூம். அந்த ரூமுக்கு ராஜா, மந்திரி, காவல்காரன் எல்லாம் பாஸ்கல்தான்.

ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் அவன். அப்பா அங்கே வெல்டர். மகனையும் உள்ளே நுழைத்துவிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். பாஸ்கல் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டான். பிறகு ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு கார் பேட்டரிக் கடையில் நாலு வருஷம். எழுபத்தெட்டில் எங்களிடம் வந்தபோது அவன் பேண்ட் முழுக்க ஆசிட் ஓட்டை. புதுப் பேண்ட் வாங்கு என்று சொன்னேன். அதுவும் ஓட்டையாகத்தானே போகும் என்றான். முதல் நாளே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

அவனுக்கு ஒரே ஒரு வேதம் உண்டு. பேட்டரியைப் பசிக்க விடக்கூடாது. ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் டீ குடிக்க இறங்கினால், கிளாஸ் காலியாவதற்குள் பாஸ்கல் வண்டிக்கு வயர் மாட்டியிருப்பான். அரை மணி நேரம் கிடைத்தாலும் சார்ஜ், கால் மணி கிடைத்தாலும் சார்ஜ். தவறு சொல்ல முடியாது. ஈய பேட்டரிக்கு அதுதான் சரியான வைத்தியம். முழுக்கக் காலியாக விட்டால் உள்ளே தகடு வெளுத்துப்போய் அப்புறம் எழுந்திருக்காது. பக்கத்துக் கம்பெனிகளில் ரெண்டு வருஷத்தில் செத்துப்போன பேட்டரி எங்களிடம் அஞ்சு வருஷம் ஓடியது. எஸ்டேட் முழுக்க அவனை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். அவனும் கூச்சமே இல்லாமல் திரும்பிப் பார்ப்பான்.

இந்த வேதத்தை அவன் மனிதர்களுக்கும் பயன்படுத்தியதுதான் என் பிரச்சினை. பதினோரு மணிக்கு நான் ரெஜிஸ்டரில் மூழ்கியிருக்கும்போது, "இன்னா மாமே, ஒண்ணும் துன்னலியா?" என்று வடையை நீட்டுவான். வேண்டாம் என்றால் நகரமாட்டான். அவன் சம்சாரம் ஜெயசீலி ஆவடியில் ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். மூன்று பிள்ளைகளும் குண்டாக இருப்பதற்கு இவர்தான் காரணம் என்று அந்த அம்மா என்னிடம் ஒருதரம் அழாத குறையாகச் சொன்னார்.

தொண்ணூற்றைந்து ஆகஸ்டில் முதலாளியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு லேப்டாப் கொண்டுவந்தார். அவர் பயன்படுத்திக் கழித்துக் கட்டியதுதான். ஆனால் எங்களுக்கு அது தேர் வந்த மாதிரி. சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். முதலாளி அடியிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கட்டியை உருவி எடுத்து, இதுதான் இதன் பேட்டரி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்றார். பாஸ்கல் அதை இரண்டு கையாலும் வாங்கி நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூடியைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"தண்ணி எங்க சார் ஊத்தறது?" என்று கேட்டான்.

ஷெட்டே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. இந்தக் கம்பெனியில் பேட்டரி என்று எது இருந்தாலும் அது பாஸ்கல் பொறுப்பு, இதுவும் அப்படித்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார். கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தையும் அவன் கையில் கொடுத்தார். கம்பெனிப் பொருள் அழுக்காகக்கூடாது என்று பாஸ்கல் அதைப் பாலிதீன் கவரில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டான். திறக்கவே இல்லை. பேட்டரியைப் பற்றி அவனுக்கு யார் புத்தகம் எழுதுவது?

அந்த லேப்டாப்பை உண்மையில் பயன்படுத்தியவள் வசந்தகுமாரி. திருவேற்காட்டுப் பெண், டிப்ளமா முடித்து அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தாள். ஒரு வருஷம் தற்காலிகம், பிடித்திருந்தால் நிரந்தரம். புது எடைமேடை வைத்த இடத்துக்குப் போய், இருபது கிலோ எடைக்கல்லை நூற்றுக்கணக்கில் ஒவ்வொரு மூலையாக அடுக்கி, வயர் வழியாக வரும் கணக்கை லேப்டாப்பில் ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். ஒன்றேகால் மணி நேர வேலை. நடுவில் லேப்டாப் அணைந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். மேடை வைக்கிற இடங்களில் பாதிக்கு அப்போது கரண்டே வந்திருக்காது. லாரி பேட்டரியை லேப்டாப்பில் மாட்டவும் வழி கிடையாது. அதனால் எல்லாம் அந்தச் சாம்பல் கட்டியை நம்பித்தான்.

எங்கள் கம்பெனியில் ஒரு பெண் சைட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. சேல்ஸ் மேனேஜர் பக்தவத்சலத்துக்கு அது ஆரம்பத்திலிருந்தே உறுத்தல். லாரிக்காரர்கள் நடுவில் ஒரு பெண் போய் நிற்பதா என்று ஜாடைமாடையாகப் பேசுவார். வேலையில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததால் கொஞ்சநாள் சும்மா இருந்தார்.

பாஸ்கல் அந்த லேப்டாப்பைக் கைக்குழந்தையாக வளர்த்தான். ஜெயசீலியிடம் சொல்லிப் பூப்போட்ட துணியில் உறை தைத்து வாங்கிவந்தான். வசந்தா சைட்டிலிருந்து வந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் அதைப் பிடுங்கிச் சார்ஜில் போட்டுவிடுவான். அவள் பத்து நிமிஷம் ஏதாவது கணக்குப் பார்த்தாலும் சரி, உடனே சார்ஜ். காலையில் வேன் கிளம்ப இருபது நிமிஷம் இருந்தால், பச்சை விளக்கு எரிந்தாலும், இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும் என்று வயரைச் சொருகுவான். தொட்டுப்பார்த்தால் அது சூடாக இருக்கும். நல்லா சாப்பிட்டிருக்கு என்று சந்தோஷப்படுவான்.

தீபாவளிக்கு இரண்டு மணி தாங்கிய பேட்டரி பொங்கலுக்கு ஒரு மணி என்று ஆனது. பாஸ்கல் கவலைப்பட்டு இன்னும் அடிக்கடி சார்ஜ் போட்டான். மாசி பிறந்தபோது அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வேறு பேட்டரி வரவழைக்க இரண்டு மாதம் ஆகும் என்று பதில் வந்தது.

அந்த மாதம் ஒரு வியாழக்கிழமை, பூந்தமல்லி தாண்டி ஒரு மணல் யார்டில் புது மேடை. வசந்தா இரண்டாவது மூலைக்குப் போவதற்குள் திரை அணைந்துவிட்டது. லாரிகள் வரிசையில் நிற்க, யார்டுக்காரர் கத்த, அவள் குமணன்சாவடி வரை வந்து ஒரு கடையில் போன் போட்டு, இன்றைக்கு முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. யார்டுக்காரர் அவளுக்கு முன்னாலேயே முதலாளிக்குப் போன் போட்டிருந்தார். பக்தவத்சலம் காத்திருந்த நாள் வந்துவிட்டது.

மறுநாள் விசாரணை. லேப்டாப்பில் சீட்டுக்கட்டு ஆட்டம் ஒன்று இருப்பதை பக்தவத்சலம் எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தார். இந்தப் பெண் வேனில் போகும்போது சீட்டு ஆடி பேட்டரியைத் தீர்த்துவிட்டாள் என்பது அவர் கட்சி. வசந்தா தான் அதைத் திறந்ததே இல்லை என்றாள். பாஸ்கலைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, காலையில் முழு சார்ஜோடுதான் கொடுத்தேன், பச்சை விளக்கை என் கண்ணால் பார்த்தேன் என்றான். அத்தனையும் உண்மை. அந்த உண்மை அந்தப் பெண்ணை முடித்துவிட்டது. கம்பெனிச் சாதனத்தை விளையாட்டுக்குப் பயன்படுத்தினாள் என்று அவளுக்கு மெமோ அடித்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை திருநின்றவூரில் ஒரு அரிசி மில்லில் வேலை. அதிலும் கோட்டைவிட்டால் நிரந்தரம் கிடையாது, டைப் அடிக்க உட்கார வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் பாஸ்கல் வீட்டில் பீரோவைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்தான். எதற்கு? தன் மேல் தப்பில்லை என்று எழுத்தில் காட்டத்தான். இதை அவனே என்னிடம் ஒத்துக்கொண்டான். ஜெயசீலியிடம் கொடுத்து, சார்ஜ் போடுவது பற்றி என்ன இருக்கிறது படி என்றான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமை, ஒருசந்தி. அதாவது அன்றைக்கு அவர்கள் வீட்டில் ஒரே வேளைச் சாப்பாடு. அந்தம்மா காலி வயிற்றோடு ஒரு பக்கம் படித்தார், இன்னொரு பக்கம் படித்தார், பிறகு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

"ஏங்க, இது ஈய பேட்டரி இல்லீங்க, நிக்கல்னு வேற ரகம். பாதி வயித்துல பாதி வயித்துல சோறு போட்டுகினே இருந்தா, தன் வயிறே அவ்ளோதான்னு நெனச்சிக்குமாம். நல்லா காலியாவ வுட்டுட்டு அப்புறம் ஒரேடியா குடுக்கணுமாம். ரொம்பினதும் வயரை எடுத்துடணுமாம். இதுக்கு ஒருசந்தி இருக்கணும்ங்க" என்றார்.

பாஸ்கல் திரும்பப் படிக்கச் சொன்னான். மூன்றாவது தடவை படித்தபோது ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதமாக இந்த மனுஷன் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதி, இதையெல்லாம் செய்யாதே என்று போட்டிருந்தால் பாவம் அவரும் என்ன செய்வார். பாஸ்கல் சிரிக்கவில்லை. சனிக்கிழமை காலை முதல் வேலையாக ஸ்டோருக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு என்னிடம் எல்லாவற்றையும் சொன்னான். அப்படியானால் நேரே போய் முதலாளியிடம் சொல் என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"பதினெட்டு வருஷமா டாக்டர்னு கூப்டுகினு இருக்கானுங்க, மாமே. இன்னா மூஞ்சிய வச்சிகினு போயி சொல்லுவேன்?" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. உன் மூஞ்சி பெரிசா அந்தப் பெண் பிழைப்பு பெரிசா என்று கேட்டேன். முதலில் பேட்டரியைச் சரிசெய்து தருகிறேன், அவள் வெள்ளிக்கிழமை ஜெயித்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றான். கழன்றுகொள்ள நினைக்கிறவன் எப்போதும் இப்படித்தான் பேசுவான். ஆனாலும் பேட்டரி சரியானால் அவளுக்கு நல்லதுதானே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்றுவரை எனக்கு என் மேல் வருத்தம் உண்டு.

பேட்டரிக்கு ஒருசந்தி ஆரம்பமாயிற்று. லேப்டாப்பை ஓடவிட்டு, அதுவாக அணையும்வரை விட வேண்டும். அணைந்தபின் வயர் மாட்டி, பச்சை வரும்வரை தொடக்கூடாது. பச்சை வந்ததும் வயரைப் பிடுங்கி, ஆறவிட்டு, மறுபடியும் ஓடவிட வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் பேட்டரி தீரப்போகும்போது லேப்டாப் பீப், பீப் என்று கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பாஸ்கலின் கை தானாக வயருக்குப் போய்விடும். பதினெட்டு வருஷப் பழக்கம். முதல் தடவை சொருகியே விட்டான். ஒரு நாளைக்கான பட்டினி அதோடு பாழ்.

அதற்குப் பிறகு என்னைக் காவலுக்கு உட்காரவைத்தான். பீப் சத்தம் வரும்போது நான் அவன் இரண்டு மணிக்கட்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் ஒருவன், நாற்பத்தொன்பது வயதில், பேட்டரி ரூமில் இன்னொரு ஆம்பளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். பாஸ்கல் கண்ணை மூடிக்கொண்டு, "பசிக்குதுன்னு அழுவுதுடா" என்று முணுமுணுத்தான். உண்மையிலேயே அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் சிரித்ததை நினைத்தால் இப்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் ஓடியது என்று சுவரில் சாக்பீஸால் எழுதினான். முதலில் இருபத்தாறு நிமிஷம். அடுத்தது முப்பத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு சைக்கிள் மிதித்து வந்து, வாட்ச்மேனைக் கெஞ்சி உள்ளே போய் இரண்டு தடவை பட்டினி போட்டான். திங்கட்கிழமை ஐம்பது நிமிஷத்தைத் தொட்டது. ஸ்டோருக்கு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். என் சட்டையிலும் ஆசிட் ஓட்டை விழுந்தது.

லேப்டாப் ஏன் நாள்பூரா பேட்டரி ரூமில் இருக்கிறது என்று வசந்தா கேட்டாள். சர்வீஸ் பண்ணுகிறேன் என்று மழுப்பினான். அவள் சண்டை போடவில்லை. எதிலும் அவளுக்குப் பழைய சுறுசுறுப்பு இல்லை. செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் விஷயம் வெளியே வந்தது. மறைக்கத் தெரியாத பெண், மெமோவை வீட்டில் காட்டியிருக்கிறாள். அப்பா அப்பாவு திருவேற்காட்டில் கோயில் பக்கம் பூக்கடை வைத்திருப்பவர். யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சீட்டாடினாள் என்று எழுத்தில் வாங்கிவந்த பெண் வேலைக்குப் போய்க் கிழித்தது போதும், இந்த வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள் என்று சொல்லிவிட்டாராம். திருநின்றவூர் வேலை நன்றாக முடிந்து, நிரந்தரம் என்று ஆகிவிட்டால் அப்பா மனசு மாறலாம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

பாஸ்கல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். கையிலிருந்த போண்டாவை அப்படியே தட்டில் வைத்துவிட்டான். அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்து நான் அன்றுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் சுவரில் எழுதிய கணக்கு எண்பத்து நாலு நிமிஷம். வேலைக்கு வேண்டியது எழுபத்தைந்து. ஒன்பது நிமிஷம் உபரி.

வெள்ளிக்கிழமை காலை எடைக்கல்லோடு நானும், எடை எண் காட்டும் டிஸ்ப்ளேவுக்கான பேட்டரியோடு பாஸ்கலும், லேப்டாப்போடு வசந்தாவும் திருநின்றவூர் ஏரி பக்கத்து மில்லுக்குப் போய்ச் சேர்ந்தோம். கரண்ட் கம்பம் நட்டிருந்தார்கள், கம்பி இன்னும் வரவில்லை. பாஸ்கல் தன் வேலையை முடித்துவிட்டு அவளிடம் போய், வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொள், தேவையில்லாமல் தொடாதே என்று மட்டும் சொன்னான். பிறகு நெல் மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பார்த்தால் தாங்காதாம்.

ஆட்கள் கல்லை அடுக்க அடுக்க அவள் எண்ணை ஏற்றிக்கொண்டே போனாள். முதல் மூலை, இரண்டாவது மூலை, எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது மூலையில் ஒரு கல் நழுவி, திரும்ப எடுத்து அடுக்கியதில் அஞ்சு நிமிஷம் போனது. நாலாவது மூலை பாதியில் இருக்கும்போது பீப் கேட்டது. மூட்டைக்குப் பின்னாலிருந்து பாஸ்கல் ஓடிவந்து, கரண்டே இல்லாத அந்த இடத்தில் சுவரில் பிளக் பாயின்ட்டைத் தேடினான். நான் வழக்கம்போல அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கடைசி எண்ணை ஏற்றி, சேமித்து, வசந்தா நிமிர்ந்து எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் மூடுவதற்கு முன்பே திரை தானாக அணைந்தது. மில்காரர் எங்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். எங்கள் மூன்று பேர் முகத்தைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

வரும்போது வேனில் ஒரே கொண்டாட்டம். பாஸ்கல் ஆவடி வரும்வரை பாடிக்கொண்டே வந்தான். எல்லாம் முடிந்தது, இனி யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று அவன் நினைத்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஷெட்டுக்குள் நுழைந்தபோது முதலாளியும் பக்தவத்சலமும் வாசலிலேயே நின்றார்கள். மில்காரர் போன் போட்டுப் பாராட்டிவிட்டாராம். முதலாளி வசந்தாவிடம், சபாஷ், நாளைக்கே நிரந்தர ஆர்டர் வாங்கிக்கொள் என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்போது பக்தவத்சலம் புன்சிரிப்போடு சொன்னார்: பார்த்தீர்களா சார், ஒரே ஒரு மெமோ, சீட்டாட்டம் நின்றது, பேட்டரியும் ஒழுங்காக வேலை செய்கிறது, கண்டிக்க வேண்டிய நேரத்தில் கண்டித்தால் எல்லோரும் திருந்துவார்கள்.

சிலர் சிரித்தார்கள். வசந்தா கையிலிருந்த லேப்டாப் உறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை கிடைத்துவிட்டது, பழி மட்டும் போகவில்லை. நன்றாக முடித்ததே அவள் முன்பு தப்புச் செய்ததற்குச் சாட்சியாகிவிட்டது. நான் பாஸ்கலைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே முன்னால் நடந்துகொண்டிருந்தான்.

"சார், அந்தப் பொண்ணு சீட்டு ஆடல" என்றான். "நான்தான் அந்த பேட்டரிய கெடுத்தேன். நேரங்கெட்ட நேரத்துல சார்ஜ் போட்டுப் போட்டு ஆறு மாசமா நான்தான் கெடுத்தேன். எல்லாம் புக்குல போட்டுகீது. படிக்காம பீரோல வச்சிகினு இருந்தேன்."

பக்தவத்சலம் முகம் மாறிற்று. அப்படியானால் விசாரணையின்போது ஏன் சொல்லவில்லை என்று அதட்டினார்.

"அன்னிக்கு எனக்கே தெரியாது சார். அன்னிக்கு சாய்ங்காலம் தெரிஞ்சிது. அதுக்கப்புறம் ஒரு வாரமா தெரிஞ்சேதான் கம்னு இருந்தேன். அதான் பெரிய தப்பு."

எஸ்டேட் டாக்டர் என்று பேர் வாங்கியவன், ஃபோர்க்லிஃப்ட் டிரைவரிலிருந்து கேண்டீன் ஆள் வரை எல்லோரும் பார்க்க, ஆசிட் ஓட்டைப் பேண்டோடு நின்று சொன்னான். என்னை எப்போதும் எரிச்சல்படுத்தியவன் மேல் எனக்கு அப்போது வந்த மரியாதையை அவனிடம் நான் இன்றுவரை சொன்னதில்லை. இங்கே எழுதிவிட்டேன், படித்துக்கொள்ளட்டும்.

முதலாளி பேட்டரி ரூமுக்குப் போய்ச் சுவரில் இருந்த சாக்பீஸ் கணக்கைப் பார்த்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு வெளியே வந்து, மெமோவை ரத்து செய்து அப்படியே எழுத்திலும் கொடுக்கும்படி பக்தவத்சலத்திடம் சொன்னார். அந்தப் புத்தகத்தை ஜெயசீலி டீச்சரை விட்டுத் தமிழில் எழுதி வாங்கி ரூமில் ஒட்டு என்று பாஸ்கலுக்கு உத்தரவு. வேறு தண்டனை எதுவும் இல்லை. பக்தவத்சலம் யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

கூட்டம் கலைந்தபின் வசந்தா பாஸ்கலிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் அவனுக்கும் லேசாக இருந்திருக்கும்.

"அண்ணா, இத எங்கப்பாகிட்டயும் வந்து சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு" என்று கேட்டாள்.

உடனே கிளம்பினோம். பஸ் மாறி நாங்கள் திருவேற்காடு போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி. வெள்ளிக்கிழமையாதலால் பூக்கடையில் நல்ல கூட்டம். அப்பாவு மாலை கட்டிக்கொண்டே எங்களைப் பார்த்தார். மகளோடு இரண்டு ஆம்பளைகள் வந்து நிற்பதைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது. இன்னும் ஏதோ புகார் என்றுதான் நினைத்திருப்பார்.

பாஸ்கல் எல்லாவற்றையும் சொன்னான். நிக்கல் என்றும் ஈயம் என்றும் அவன் சொன்னதில் அவருக்குப் பாதி புரிந்திருக்காது. உங்கள் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது, என்னை மன்னிக்கணும் என்று அவன் கைகூப்பியது நன்றாகப் புரிந்தது. வாங்க வந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அப்பாவு கையிலிருந்த மாலையைக் கீழே வைத்தார். பிறகு, நான் விளையாடலப்பா என்று இவள் என்னிடம் ஒரு தடவை சொன்னாள், பேப்பரில் இங்கிலீஷில் எழுதியிருந்ததால் அதைத்தான் நம்பினேன் என்றார். எங்களிடம் சொல்வதுபோல ஆரம்பித்தவர் முடிக்கும்போது மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெமோ வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்த பெண், கடை ஓரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாஸ்கல் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை.

அப்பாவு எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"நாளைக்கு எத்தினி மணிக்கும்மா பஸ்ஸு? ஸ்டாண்டு வரைக்கும் நானும் வரேன்" என்றார்.